அத்திம்பேர் பார்த்த பறவைகள்

என் அக்கா புருஷர் சுந்தரேசனைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, அவர் பரம பக்தர் என்பது. மற்றது, அவர் கல் நெஞ்சுக்காரர் என்பது. இரண்டையும் சொன்னவர்கள் ஒரே ஆட்கள்தான். காலையில் ஒன்று சொல்வார்கள், சாயங்காலம் மற்றதைச் சொல்வார்கள். இரண்டும் தப்பு என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

அத்திம்பேர் கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். காளிகாட்டில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. கீழே நம்மூர் பாங்கிக்காரர் குடும்பம், அந்த வீட்டு மாமி காமு. மாடியில் அத்திம்பேரும் என் அக்கா விஜயலக்ஷ்மியும். நாங்கள் விஜயம் என்று கூப்பிடுவோம். அக்கா அங்கே போய் வங்காளி பேசக் கற்றுக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்காரிகளை 'மாஷிமா, மாஷிமா' என்று அழைத்து வம்பளந்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள். உலகம் பூராவும் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்த வருஷம், பூஜா லீவு முடிந்த கையோடு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. குழந்தை குட்டி கிடையாது.

அத்திம்பேர் காரியங்களையெல்லாம் முறைப்படி செய்தார். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அழவில்லை. அதுதான் எல்லோருக்கும் ஆறவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், அவர் அவர்கள் முகத்தைப் பார்ப்பார். "எப்படி இருக்கே, சுந்தரேசா?" என்றால், "ஒண்ணும் தோணல்லே" என்பார். காப்பி வேணுமா என்றாலும் அதே பதில்தான். மனுஷன் உள்ளதைச் சொன்னார். கேட்டவர்களுக்குத்தான் அது போதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெஹாலா பக்கம் போக ஆரம்பித்தார். ஊரைத் தாண்டினால் அங்கே பெரிய புல்வெளி ஒன்று உண்டு. கோடையில் மாடு மேயும். மழை பிடித்துக்கொண்டால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். புல்லின் நுனி மட்டும் மேலே தெரியும். நடுவில் கைவிட்ட செங்கல் சூளையின் மேடு. அதன்மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கொக்கு, நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் எல்லாம் வந்து இறங்கும். ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து வாத்துக் கூட்டங்கள் வரும். இவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பாதிப் பறவைகளுக்குப் பெயர் தெரியாது. தானாகவே வைத்துக்கொண்டார். இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கும் நீர்க்காகத்துக்கு 'வண்ணான்'. அல்லி இலைமேல் கால் வைத்து நடக்கும் ஒன்றுக்கு 'நாட்டுப்பெண்'. மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி அத்தனை ஜாக்கிரதையாம் அதன் நடை.

ஏன் போனீர்கள் என்று பிற்காலத்தில் நானே கேட்டிருக்கிறேன். "அங்கே அசையாம நிக்கணும், ஜலஜா. அசைஞ்சா பறந்துடும். அசையாம நிக்கறது ஒண்ணுதான் அப்போ எனக்கு சுலபமா இருந்தது" என்றார்.

இதைக் காளிகாட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. காமு மாமி, இந்த மனுஷன் ஞாயிறு தவறாமல் விடிகாலையில் குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்புவதைப் பார்த்தாள். திரும்பி வந்ததும், "எங்கே போயிட்டு வரேள்?" என்று கேட்டிருக்கிறாள். "பட்சி பாக்க" என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, ஸ்நானம், பட்சி. நம் மனுஷாளுக்கு இது போதாதா? கருட தரிசனம் என்று மாமி முடிவு கட்டிவிட்டாள். வெள்ளைத் தலையும் செம்பட்டை உடம்புமாக வானத்தில் வட்டம் போடுகிற கருடனை ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் விசேஷம். பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். நல்ல காரியம் பேசுகிறபோது வந்தால் பகவானே சம்மதம் கொடுத்த மாதிரி. வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் இந்த மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். காமு மாமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாமி ஒரு கல்யாணத்துக்காக மன்னார்குடி வந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை அளந்தாள். "உங்க மாப்பிள்ளை மாதிரி இந்தக் காலத்துல யார் இருக்கா? மழையோ புயலோ, வாராவாரம் கருட தரிசனம். அங்கே தவறாம வருமாம். ஆம்படையா போனதுலேர்ந்து இந்த விரதம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது: "அப்படிப்பட்ட பிள்ளையை விட்டுடறதா? விஜயம் போயிட்டா. மாப்பிள்ளையும் நமக்கு இல்லேன்னு போகணுமா? ஜலஜாவைக் கொடுத்துட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அத்திம்பேருக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. அக்கா செத்துப்போன வீட்டில், அக்கா படுத்த கட்டிலில், அக்காவின் பெட்டியைத் திறந்து அவள் புடவையைக் கட்டிக்கொண்டு நான் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அது பழையபடி ஆவது. எனக்கு அது வேண்டாம். கேட்பார் யார்? அந்த நாளில் பெண்ணிடம் கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

என் அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவர் இல்லை. ஆனால் தெய்வ விஷயத்தில் பிடிவாதக்காரர். எங்களூர் ராஜகோபுரத்தைச் சுற்றிக் கருடன் வட்டமிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வீதிக்கு வந்து அண்ணாந்து நிற்பார். பார்த்த பிறகுதான் காப்பி. அப்படிப்பட்டவர், மாமி பேசினதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "நான் கல்கத்தா போய் மாப்பிள்ளையைப் பாத்துட்டு வரேன். ஞாயித்துக்கிழமை அவரோட கூடப் போறேன். கருடன் தரிசனம் கொடுத்தா, ஜலஜா அவருக்குத்தான். கொடுக்கல்லேன்னா அப்பறம் இந்தப் பேச்சையே எடுக்கப்படாது. சம்மதமா?"

அம்மா உடனே சம்மதித்தாள். வாராவாரம் வருகிற கருடன் இவருக்கு மட்டும் வராமல் போகுமா என்ன? கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கும் அதுதான் தோன்றியது. அப்பா என்னைக் கைகழுவிவிட்டார் என்று நினைத்தேன்.

அப்பா போனார், வந்தார். "கருடன் வரல்லே" என்றார். பேச்சு முடிந்தது. அம்மா சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பிறகு எனக்கு வேறு இடம் பார்த்தார்கள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். இந்த வயசுக்கு மேல் சொன்னால் என்ன குடி முழுகிப்போகும்? சந்தானம். கேலியும் சிரிப்புமாக இருந்த மனுஷர். அவருக்குப் பாங்கியில் வேலையாகி, எங்கே மாற்றினார்கள் என்றால், கல்கத்தாவுக்கு! அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அத்திம்பேர் அதே காளிகாட்டு மாடியில்தான் இருந்தார். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். தலை நரைத்திருந்தது. பழையபடி வாய் திறக்காத மனுஷராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மெதுவாக, நன்றாகவே பேசினார். என் வீட்டுக்காரரோடு பறவை பற்றிப் பேசினார். 'நாட்டுப்பெண்' நடக்கிற மாதிரி கூடத்தில் நடந்து காட்டினார்! என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட எழுந்து போனார். நான் சாதம் பரிமாறிக்கொண்டே, இத்தனை வருஷமாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"அத்திம்பேரே, அன்னிக்கு அப்பா உங்களோட வந்தாரே. நெஜமாவே கருடன் வரல்லியா?"

அவர் சொன்னதை, என்னால் முடிந்த மட்டும் சொன்னபடியே எழுதுகிறேன்.

அப்பா வந்து இறங்கினது சனிக்கிழமை. அன்றைக்கே வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டார். கருடன் வந்தால் ஜலஜா உங்களுக்கு என்றார். அத்திம்பேர் சரி என்றார். அந்த ஒரு வருஷமாக அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீசில் வேலையைக் கூட்டினால் சரி. காமு மாமி உப்பில்லாத ரசம் கொடுத்தால் சரி. "நீ யாருன்னு யோசிக்கல்லே, ஜலஜா. சின்னப் பொண்ணுன்னுகூட யோசிக்கல்லே. ஒண்ணும் தோணல்லே எனக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பிழைப்பு பூராவும் இந்த மனுஷருடைய ஒரு 'சரி'யில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லையாம்! கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் விடிந்தபோது மழையும் புயல் காற்றும். ஐப்பசியில் அந்த ஊரில் அடிக்கிற காற்று நம்மூர்க் காற்றுக்குச் சளைத்ததல்ல. காமு மாமி, "அடுத்த வாரம் போங்கோளேன், மாமா. இன்னிக்குக் காக்காகூடப் பறக்காது" என்றாள். அப்பா கேட்கவில்லை. இன்றைக்கே போக வேண்டும், நாளைக்கு ரயில் ஏற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

குதிரை வண்டியில் போகிறபோது அத்திம்பேர் உண்மையைச் சொன்னார். "மாமா, காமு மாமி என்னமோ சொல்லியிருக்கா. நான் கருட தரிசனத்துக்குப் போறதில்லே. சும்மா பட்சிகளைப் பாத்துண்டு நிப்பேன். விரதம் கிரதம் ஒண்ணும் கிடையாது."

"கருடன் அங்கே வரதில்லையா?"

"வரும். செம்படவா மீன் பிடிக்கறா, அதுக்காகத் தெனம் வரும். ஆனா இன்னிக்கு வராது. இந்தக் காத்துல ஒசரப் பறக்கறது எதுவும் வெளியே வராது."

"வராதா?"

"வராது, மாமா."

அப்பா வண்டியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாராம். புகையிலைப் பையை எடுத்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாராம். மாப்பிள்ளைக்கு எதிரில் அவர் புகையிலை போட்டு அத்திம்பேர் பார்த்ததே இல்லை.

வண்டி போகிற மட்டும் போய், பிறகு வரப்புமேல் நடந்து சூளை மேட்டில் ஏறினார்கள். குடை விரித்தால் பிய்த்துக்கொண்டு போயிற்று. மடக்கிவிட்டார்கள். புல்வெளித் தண்ணீரில் அலை அடித்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். பறவைகளெல்லாம் புல்லுக்குள் ஒடுங்கிக் காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. வாத்துகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தண்ணீரோடு ஏறி இறங்கின. ஒரு நாரை காற்றை எதிர்த்துப் பறக்கப் பார்த்தது, இருந்த இடத்திலேயே இறக்கையை அடித்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி இறங்கிவிட்டது. படகைக் கரையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த செம்படவன், "ஜொட் ஆஷ்சே, பாபு, பாடி ஜான்" என்று கத்தினான். புயல் வருகிறது, வீட்டுக்குப் போங்கள் என்கிறான் என்று அத்திம்பேர் சொன்னார். "இருப்போம்" என்றார் அப்பா.

இருந்தார்கள். அத்திம்பேர் வண்ணானைக் காட்டினார். அது ஒரு மூங்கிலில் உட்கார்ந்து, அந்த மழையிலும் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. அப்பா சிரித்தாராம். விஜயம் போனபின் அவர் சிரித்து வீட்டில் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. "இதைத்தான் வாராவாரம் பாக்கறேளா, மாப்பிள்ளே? நன்னாத்தான் இருக்கு" என்றார். நேரம் போகப் போக அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கிளம்பலாம் என்று வேஷ்டியை மடித்துக் கட்டினார்.

அப்போது காற்று ஒரு சுழற்று சுழற்றியது. மேட்டுக்குக் கீழே செம்படவன் வலை கட்டியிருந்த மூங்கில் கம்பில் எதுவோ பொத்தென்று வந்து விழுந்து, இறக்கையை அடித்துச் சமாளித்துக்கொண்டு உட்கார்ந்தது. தொட்டுவிடுகிற தூரம் என்றே சொல்லலாம். உடம்பு தெப்பமாக நனைந்திருந்தது. ஆனால் தலை வெள்ளை வெளேர். முதுகு செங்கல் நிறம். தப்பாக நினைக்க இடமே இல்லை. அது தலையைத் திருப்பி இவர்களைப் பார்த்தது.

"உங்கப்பாவோட ரெண்டு கையும் கன்னத்துக்குப் போச்சு, ஜலஜா" என்றார் அத்திம்பேர். "தானாப் போச்சு. பாதி வழியிலே நின்னுடுத்து."

அப்பா கைகளை அப்படியே வைத்துக்கொண்டு அந்தப் பட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, முகத்தில் மழையை வழித்துவிடுகிறவர்போல வழித்துவிட்டுக் கைகளைக் கீழே இறக்கினார்.

"பருந்து" என்றார்.

அத்திம்பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பருந்துதானே, மாப்பிள்ளே? உங்களுக்குத்தான் பட்சி தெரியும். எனக்குக் கண் சரியாத் தெரியல்லே. நீங்க சொல்லுங்கோ."

அப்பாவின் கண் அவர் சாகிறவரை ஊசியில் நூல் கோக்கிற கண். அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது என்றார் அத்திம்பேர். "அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. ஒரு பொண்ணை எங்கிட்ட கொடுத்து, அவ போயிட்டா. இன்னொரு பொண்ணைக் கொடுக்க அவருக்கு மனசில்லே. சொல்ல வாயும் இல்லே. புயலைப் பாத்துட்டுத்தான் அன்னிக்கே போகணும்னு நின்னிருக்கார். அதையும் மீறி அது வந்து உக்காந்துடுத்து. அந்த மனுஷர் கோயில் கோபுரத்தைப் பாத்து நின்னவர், அவர் கருடனைக் கருடன் இல்லேன்னு சொல்றார். எனக்கு இங்கே வலிச்சுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "விஜயம் போனதுலேர்ந்து எங்கேயும் வலிக்கல்லே. அப்போ வலிச்சுது."

"நீங்க என்ன சொன்னேள்?"

"பருந்துதான், மாமா. நனைஞ்ச பருந்து, அதான் நிறம் மாறித் தெரியறதுன்னேன். அவர் என் கையைப் பிடிச்சுண்டார். வண்டி வரைக்கும் விடல்லே. மறுநாள் ஹவுராவிலே ரயிலேத்தி விட்டேன். வண்டி நகர்றச்சே, 'விஜயத்தை நன்னா வெச்சுண்டிருந்தேள், எனக்குத் தெரியும்'னார்."

அத்திம்பேர் தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் வந்த கோபம் எனக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவருக்கு மோர் விட்டேன்.

"அத்திம்பேரே, கல்கத்தாவிலேர்ந்து வந்தப்பறம் அப்பா ஞாயித்துக்கிழமையிலே வாசலுக்கே வரதில்லே. கருடன் சுத்தறதுன்னு தெருவே கூடி நிக்கும். நாங்க ஓடிப்போய்க் கூப்பிடுவோம். உள்ளே சுவரைப் பாத்துண்டு உக்காந்திருப்பார். வெயில் கண்ணைக் கூசறது, நீங்க பாருங்கோன்னுடுவார். கடைசி வரைக்கும் அப்படித்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கடைசி வரைக்குமா?"

"ஒரு தடவைகூடப் பாக்கல்லே" என்றேன்.

மழை நாளிலும் அப்பா அதையேதான் சொன்னார், வெயில் கண்ணைக் கூசுகிறது என்று. நாங்கள் நம்பினோம்.